ஆபீஸ்காரர்களுக்குக் கிண்டல் வாழ்த்து: குரூப்பில் போடுவதா, தனியே அனுப்புவதா, சீட்டில் எழுதுவதா?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். "அண்ணா, எல்லாருக்கும் ஜாலியா ஒரு வாழ்த்து எழுதலாம்னு இருக்கேன். குரூப்ல போடட்டுமா, தனித்தனியா அனுப்பட்டுமா? யாரும் கோவிச்சுக்க மாட்டாங்கல்ல?" கேட்பது பல கேள்வி போலத் தெரியும். உண்மையில் கேள்வி அந்தக் கடைசி ஒன்றுதான்.

நான் இருப்பது கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். மொத்தம் பதினாலு பேர். எங்களுக்குப் பண்டிகை தனியாக வராது, ஏதாவது ஒரு கடைசித் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாளும் அதே 20. அப்புறம் 25 வரை நீட்டித்தார்கள், சரி. ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்குள் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் கிண்டல் வாழ்த்தை எழுதி முடித்துவிட்டார்கள். "கங்கா ஸ்நானம் ஆச்சா, இல்லை போர்ட்டல் திறந்த பிறகுதான் குளியலா?" என்பது அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த ஒன்று.

கிண்டல் வாழ்த்தை எப்படிச் சேர்ப்பது என்பதில் ஆறு வழிகளை நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டில் அடியும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்துப் பார்ப்பது

ஊரில் கேலிக்கு ஒரு முறை உண்டு. மாமன் மச்சான் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம். கொழுந்தியா மாமாவைக் கேலி செய்யலாம். சம்பந்தி வீட்டில் வாயை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டு வர வேண்டும். யார் யாரை எதுவரை சீண்டலாம் என்பது யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஆபீஸில் இந்த ஏற்பாடு இல்லை. எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அந்த அண்ணாதான் நம் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவர்.

அதனால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுவேன். நான் கிண்டல் செய்யப்போகும் விஷயத்தை அந்த ஆள் தானாகவே சொல்லிச் சிரித்திருக்கிறாரா? சிரித்திருந்தால் எடுக்கலாம். நானாகக் கவனித்துக் கண்டுபிடித்தது என்றால் அது எவ்வளவு அருமையான ஜோக்காக இருந்தாலும் தொடுவதில்லை.

இந்த வாசலைத் தாண்டிய பிறகு நான்கு விஷயங்கள்.

முதலாவது, யார் கண்ணில் படும். ஒருவரைத் தனியாகக் கிண்டல் செய்தால் அது பேச்சு; பதினாலு பேர் முன்னால் செய்தால் அது கூத்து.

இரண்டாவது, திரும்ப எடுக்க முடியுமா. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம், எல்லாருக்குமாக நீக்கச் சுமார் இரண்டரை நாள் தருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி போதும். 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஜிஎஸ்டி கூட்டத்தில், பன்னுக்கு ஒரு வரி, கிரீம் வைத்தால் வேறு வரி என்று ஓர் ஓட்டல்காரர் சொன்ன நகைச்சுவை, நிதியமைச்சரிடம் அவர் மன்னிப்புக் கேட்பதில் போய் முடிந்ததைக் கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொன்ன இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வீடியோ வெளியே போன பிறகு அது வேறு கதை.

மூன்றாவது, அவர் பதிலுக்கு நம்மைக் கிண்டல் செய்ய இடம் இருக்கிறதா. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ஒரு சீனியர், ஆடிட்டருக்குப் படித்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள்ஷிப் பையனைக் கலாய்த்தால் பையன் சிரிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அந்தச் சிரிப்பை நம்பி அடுத்த வருடமும் அதே ஜோக்கை எடுத்து வருவார்கள்.

நான்காவது செலவு. பணத்தைவிட நேரமும் மனக்கசப்பும்தான் இதில் கூடுதலாகப் போகும்.

| வழி | யார் பார்ப்பார்கள் | திரும்ப எடுக்க | பதில் கிண்டலுக்கு இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| குரூப்பில் பட்டியல் | எல்லாரும் | பெயருக்கு முடியும் | உண்டு, ஆனால் எல்லார் முன்னாலும் | விடுபட்டவர், காயப்பட்டவர், அமைதி |
| தனிச் செய்தி | ஒருவர் | ஓரளவு | நிறைய | நேரம். ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் |
| பெட்டியில் சீட்டு | ஒருவரும் அவர் வீடும் | முடியாது | மெதுவாக வரும் | வீட்டில் படிப்பார்கள் |
| ஆயுத பூஜைப் பட்டம் | எல்லாரும், நேரில் | முடியாது | உடனே | பட்டம் ஒட்டிக்கொள்ளும் |
| மீம், ஸ்டிக்கர் | எல்லாரும் | எளிது | இல்லை | யாரும் நினைவில் வைப்பதில்லை |
| தன்னையே கிண்டல் | எல்லாரும் | தேவையில்லை | தாராளம் | அளவு மீறினால் புலம்பல் |

## குரூப்பில் பொதுப் பட்டியல்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பதினாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி, கீழே 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்', பக்கத்தில் ரெண்டு மத்தாப்பு. நன்றாக அமைந்துவிட்டால் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. அன்று முழுக்க குரூப் கலகலவென்று இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதியதில் சில வரிகள் இன்றும் ஆபீஸில் ஓடுகின்றன:

"எப்போது கேட்டாலும் 'காந்திபுரம் சிக்னல்ல நிக்கிறேன் அண்ணா' என்று சொல்லும் தம்பிக்கு: இந்தத் தீபாவளியிலாவது பச்சை விழட்டும்."

"கிளையண்டிடம் ஓடிபி கேட்டுக் கேட்டே நாள் கழிக்கும் அக்காவுக்கு: எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஓடிபி தேவையில்லை."

"பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. எங்கள் சீனியர் போனில் 'ஒரு நிமிஷம்' என்றால் அதைவிட நீளம்."

மூன்றும் தேறியதற்குக் காரணம் உண்டு. சிக்னல் கதையைத் தம்பியே நடித்துக் காட்டுவான். ஓடிபி புலம்பல் அந்த அக்காவின் தினசரிப் பிரார்த்தனை. பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்பது 2018-லிருந்து எல்லாருக்கும் பொதுவான வருத்தம்.

அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. எங்கள் ஆபீஸில் ஓர் அண்ணா இருக்கிறார். யார் வீட்டு விசேஷ இனிப்பு வந்தாலும் டப்பா முதலில் அவர் மேஜைக்குத்தான் போகும். அவருக்கு எழுதினேன்: "இனிப்புக்கென்றே தனி லெட்ஜர் வைத்திருக்கும் அண்ணாவுக்கு: ஓபனிங் பேலன்ஸ் அரைக்கிலோ, குளோசிங் பேலன்ஸ் பூஜ்யம்." எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஏழெட்டுப் பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். அவர் மட்டும் 'நன்றி.' என்று போட்டார். அந்த முற்றுப்புள்ளியை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு டப்பா கொடுத்தார்கள். அவர் வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல், கீழே இறங்கிப் போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரம்தான் அவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்ததும் வரியை நீக்கப் போனேன். ஒரே செய்தியில் பதினாலு பேர் இருப்பதால் ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாது. 15 நிமிடமெல்லாம் எப்போதோ போய்விட்டது. மொத்தமாக நீக்கினால் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று ஒரு கல்வெட்டு நிற்கும், ஏன் நீக்கினான் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், அதைவிடக் கேவலம். அப்படியே விட்டேன்.

அவர் தன் இனிப்பு ஆசையைத் தானே சொல்லிச் சிரித்தவர்தான். அப்படிப் பார்த்தால் நான் மேலே சொன்ன வாசலை அந்த ஜோக் தாண்டியதுதான். ஆனால் அவர் சிரித்தது போன மாதம் வரை. உடம்பு, சாப்பாடு, கல்யாணம், குழந்தை, கடன் ஆகியவற்றில் ஒருவர் நேற்றுச் சிரித்ததை வைத்து இன்று சிரிப்பார் என்று எழுத முடியாது. அதற்குப் பிறகு இந்த ஐந்தையும் பொதுப் பட்டியலில் நான் சேர்ப்பதே இல்லை.

பட்டியலுக்கு இன்னும் இரண்டு செலவு உண்டு. ஒன்று, விடுபடுகிறவர். புதிதாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண்ணைப் பற்றிக் கிண்டலாக எழுத எதுவும் தெரியவில்லை என்று 'புதிய தோழிக்கு வாழ்த்துகள்' என்று போட்டால், அது அவரை வெளியில் நிறுத்துவதுதான். இரண்டாவது, வரிகளின் நீளம். நமக்கு நெருக்கமானவருக்கு மூன்று வரி எழுதிவிடுவோம், மற்றவருக்கு ஒன்று. நாம் எண்ணுவதில்லை. அவர்கள் எண்ணுவார்கள், கணக்காளர்கள் இல்லையா.

எப்போது இது சரி: பத்துப் பதினைந்து பேருக்குள் இருந்து, குறைந்தது ஒரு வருடமாவது ஒன்றாக வேலை பார்த்து, குரூப்பில் முதலாளி இல்லாமல் இருந்தால். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆளை விட்டுவிட்டு ஆபீஸைக் கிண்டல் செய்யுங்கள். ஓடாத லிஃப்ட், ஆறு மாதமாக மை காயாத பிரிண்டர், 18-க்கும் 26-க்கும் நடுவில் அல்லாடும் ஏசி. ஏசி கோபித்துக்கொள்ளாது.

## தனித்தனியாக அனுப்பும் வாழ்த்து

இது பேச்சு வழக்கில் இருப்பதால் கிண்டல் இயல்பாக இறங்கும். அவரும் உடனே திருப்பி அடிப்பார். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடும் அக்காவுக்கு நான் "உங்கள் வாழ்வில் டெபிட்டும் கிரெடிட்டும் முதல் தடவையிலேயே டேலி ஆகட்டும்" என்று அனுப்பினால், ரெண்டு நிமிடத்தில் "உன்னைய இன்னும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்லதான் வச்சிருக்கேன் சாமி" என்று வரும். எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தள்ளி வைக்கும் கணக்கு அது. குரூப்பில் இதே பதிலை அவர் போட்டிருக்க மாட்டார்.

செலவு நேரம்தான். ஆளுக்கு ஒன்று என்று யோசித்து எழுதினால் பதினாலு பேருக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். சரி, ஒன்றையே எல்லாருக்கும் மாற்றி மாற்றி அனுப்பலாமே என்று சோம்பல் பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மதியம் டிபன் கேரியரைத் திறக்கும்போது "எனக்கும் இதேதான் வந்துச்சு" என்று ஒருவர் போனைக் காட்டுவார். அன்போடு எழுதியது என்று நம்பியவருக்கு அது ஃபார்வர்டு ஆகிவிடும். ஃபார்வர்டு என்று தெரிந்தே வந்ததைவிட அது கசக்கும்.

இன்னொன்று, ஆண்கள் பெண் ஊழியர்களுக்குத் தனியாக அனுப்பும் கிண்டல். புடவை, தலைமுடி, 'இன்னிக்கு ரொம்ப அழகா' போன்ற எதுவும் வேண்டாம், வாழ்த்தின் பெயரிலும் வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் சாயலுள்ள பேச்சையும் துன்புறுத்தல் என்றே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பண்டிகை நாள் என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பும் ஜோக், உள்ளடக்கம் சுத்தமாகவே இருந்தாலும், பதினொரு மணி ஜோக்தான்.

எப்போது சரி: ஒவ்வொருவருடனும் வெவ்வேறு அளவு பழக்கம் இருக்கும்போது. வேறு மதத்தவரின் பண்டிகைக்கும் இதுவே மேல். அதில் ஒரு சின்ன விஷயம். ரம்ஜான் வந்தால் முஸ்லிம் நண்பரிடம் 'பாய், பிரியாணி எங்கே' என்று கேட்பதைக் கிண்டல் வாழ்த்து என்று நினைக்கிறோம். அவருக்கு அது வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி. கிறிஸ்துமஸ் கேக்கும் அப்படித்தான். அவர் செய்யும் வேலையில், அவர் பேசும் பேச்சில் சிரிக்க எவ்வளவோ இருக்கும்போது, சாப்பாட்டைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை என்றால் நேராக 'ஈத் முபாரக்' என்று சொல்லிவிடுவது உத்தமம்.

## இனிப்புப் பெட்டிக்குள் ஒரு சீட்டு

எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகப் பேசுவேன்.

ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் எட்டுச் சீட்டு. இரண்டு தாளில் ஆபீஸ் முடிந்தது. கையால் எழுதி, இனிப்பு டப்பாவின் நூலுக்கு அடியில் செருகிவிட வேண்டும். எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு நாலு வருடத்துக்கு முன் எழுதிய சீட்டு, "கண்ணாடி இல்லாமல் எங்கள் தப்பைக் கண்டுபிடிக்கும் அம்மா, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதையும் கண்டுபிடிக்க வாழ்த்துகள்" என்று எழுதியது, இன்றும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஒருபக்கம் பிள்ளையார் படம், மறுபக்கம் பழைய பஸ் பாஸ், நடுவில் நான் எழுதியது. ஓரம் மஞ்சளாகிவிட்டது. எந்த வாட்ஸ்அப் செய்திக்கும் இந்த ஆயுள் கிடையாது.

பொங்கல் வாழ்த்து அட்டை காலம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. உறையை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போட்டால் தபால்தலைச் செலவு குறையும் என்று திறந்தே அனுப்புவோம். தபால்காரரிலிருந்து பெரியப்பா வரை எல்லாரும் படித்துவிட்டுத்தான் உரியவர் கைக்கு வரும். அதனால் கிண்டல் எழுதினாலும் நாலு பேர் படிக்கலாம் என்ற நினைப்போடு எழுதினோம். சீட்டிலும் அதே ஆபத்து உண்டு, நான் அதை மறந்த ஒரு வருடம் இருக்கிறது.

ஆறு மணி அடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிடும் ஒருவருக்கு இப்படி எழுதினேன்: "ஆறு மணிக்கே ராக்கெட் விடும் அண்ணாவுக்கு, இனிய தீபாவளி." டப்பா வீட்டுக்குப் போனது. வீட்டு அம்மாதான் திறந்திருக்கிறார். அண்ணா தினமும் வீடு சேர்வது ஒன்பது மணிக்கு. "ஆறு மணிக்கேவா?" என்று ஒரே ஒரு கேள்விதானாம். பாவம், அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. சாய்பாபா காலனியில் பழைய நண்பர்களோடு கேரம் ஆடிவிட்டுப் போவாராம். அதைச் சொல்லி நம்ப வைக்க அவருக்குப் பொங்கல் வரை ஆயிற்று. அன்றிலிருந்து ஆபீஸ் நேரம், சம்பளம், லீவு ஆகிய மூன்றையும் நான் சீட்டில் எழுதுவதில்லை. இனிப்பு டப்பா வீட்டுக்குப் போகும் பொருள்.

இன்னொரு செலவு, கையெழுத்து. என் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். 'வேலைப்புலி' என்று நான் எழுதியதை ஒருவர் 'வேலைப்பளு' என்று படித்துவிட்டு அனுதாபமாகப் பார்த்தார்.

எப்போது சரி: முகம் பார்த்துக் கொடுக்க முடிகிற இடத்தில். வயதில் மூத்தவர்களுக்கு, போனில் கிண்டல் வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாதவர்களுக்கு, இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு இது நடக்காது. கூரியரில் அனுப்பிய கிண்டல் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் சேரும்.

## ஆயுத பூஜை அன்று பட்டம் கொடுப்பது

ஆடிட்டர் ஆபீஸில் ஆயுத பூஜைக்குத் தனி இடம். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. பல வருடங்களில் அதைத் தாண்டிய மூச்சில்தான் பூஜை வரும். கீபோர்டுக்குச் சந்தனம், பிரிண்டருக்குக் குங்குமம், ஸ்டேப்ளருக்கும் ஒரு பொட்டு. பொரியும் கடலையும் பொட்டுக்கடலையும் கலந்து காகிதத்தில் கட்டிக் கையில் கொடுக்கும் நேரத்தில் ஒருவர் எழுந்து பட்டங்களை வாசிப்பார். 'ரவுண்டு ஆஃப் ரத்தினம்', 'ஹாட்ஸ்பாட் வள்ளல்', 'நாளை மறுநாள் நாயகன்' என்று போகும்.

நேரில் நடப்பதால் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். ஒருவர் முகம் சுருங்கினால் அடுத்த வரியில் சமாளிக்கலாம். எழுத்தில் அந்த வசதி கிடையாது. பட்டம் வாங்கியவர் அங்கேயே எழுந்து வாசித்தவருக்கு ஒரு பட்டம் கொடுத்தால்தான் சபை களைகட்டும்.

ஆனால் பட்டம் ஒட்டிக்கொள்ளும். 'நாளை மறுநாள் நாயகன்' பட்டம் வாங்கிய பையன் அப்புறம் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடித்தாலும் பெயர் மாறவில்லை. ஒருநாள் ஒரு கிளையண்டே போனில் "அந்த நாளை மறுநாள் தம்பிகிட்ட குடுங்க" என்று கேட்டுவிட்டார். பட்டம் கொடுக்கும்போது குறையைச் சொல்வதைவிட வழக்கத்தைச் சொல்வது நல்லது என்று அன்று புரிந்தது. ஹாட்ஸ்பாட் வள்ளலுக்கு அந்தப் பெயர் பத்து வருடம் ஒட்டிக்கொண்டாலும் நஷ்டமில்லை. யாரும் போன் எடுத்து வீடியோ பிடிக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## மீம், ஸ்டிக்கர்

செலவு இல்லை, ஆபத்தும் பெரிதாக இல்லை, பயனும் இல்லை. தீபாவளி காலையில் ஒரே வடிவேலு படம் நாலு குரூப்பிலிருந்து வரும். முப்பது பேருக்கு மேல் இருக்கும் ஆபீஸில், யாரையும் சரியாகத் தெரியாதபோது, ஒன்று போட்டுவிட்டு நகரலாம். சக ஊழியரின் போட்டோவை வெட்டி மீமாக்குவதை மட்டும் அவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

## தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது

எல்லாருக்கும் அனுப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு நான் யாருக்கும் சொல்லும் ஒரே வழி இதுதான்.

"போன தீபாவளிக்கு 'நாளைக்கு முடிச்சுத் தர்றேன்' என்று நான் சொன்ன ஃபைலை, இந்தத் தீபாவளிக்கு முடித்துத் தருகிறேன். வாழ்த்துகளோடு."

வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டு மூன்றாம் நாள் நினைவு வந்தால்: "தாமதமான தீபாவளி வாழ்த்துகள். நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளவும்." ஜிஎஸ்டி தாக்கல் தாமதமானால் கட்டும் அதே 50 ரூபாய் என்பதால் எங்கள் கூட்டத்தில் இது தப்பாமல் எடுபடும். உங்கள் தொழிலில் இதற்கு இணையான அபராதம் ஒன்று நிச்சயம் இருக்கும்.

இதில் ஒரே ஒரு பொறி. அளவு மீறினால் புலம்பலாகக் கேட்கும். 'இந்த ஆபீஸிலேயே உருப்படாதவன்' என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று தவிப்பார். சின்னத் தப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குணத்தை எடுக்காதீர்கள். பெரிய தப்பு செய்த வருடத்தில் அதையே கிண்டலாக்கவும் கூடாது. அந்தக் கிளையண்ட் இன்னும் கோபமாக இருப்பார்.

## உங்கள் நிலைமைக்கு எது

முதலாளிக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த வஞ்சப்புகழ்ச்சிதான் துணை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையுமாய்ப் பளபளவென்று அழகாக இருப்பதாகவும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் சொன்னார். கேட்டவனுக்குப் புகழ்ச்சி, புரிந்தவனுக்கு விஷயம். "எங்கள் டீ நேரத்தைக்கூட மறக்காமல் கவனிக்கும் ஆடிட்டர் சாருக்கு" என்று நான் எழுதியது அந்த வகை. அவர் சிரித்தார், எந்த அர்த்தத்தில் சிரித்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. தனியாக அனுப்புங்கள், குரூப்பில் வேண்டாம். போனஸைத் தொடவே வேண்டாம். போனஸ் சட்டம் பொருந்தும் இடங்களில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதற்கு மேல் வேண்டுமென்றால் அறைக்குள் போய்க் கேட்கிற விஷயம், வாழ்த்துக்குள் ஒளித்து வைத்தால் ஜோக்கும் போகும் போனஸும் போகும்.

நீங்களே முதலாளி அல்லது சீனியர் என்றால் ஆறில் கடைசியை மட்டும் எடுங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவர் திருப்பி அடிக்க முடியாது. உங்களை நீங்களே வாரிக்கொண்டால் அவர்களுக்கு அன்று ஒரு நாள் லைசென்ஸ் கிடைக்கும், அதைவிட நல்ல போனஸ் (8.33-க்கு அப்புறம்) கிடையாது.

புதிதாகச் சேர்ந்தவர் என்றால் முதல் பண்டிகைக்குத் தன்னைக் கிண்டல் செய்து ஒரு வரி, இரண்டாவது பண்டிகைக்கு ஏசியையும் பிரிண்டரையும். ஆட்களைத் தொடுவது அடுத்த வருடம்.

யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால், கிண்டல் வாழ்த்தால் அதைச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எப்போதும் தாமதமாக வருகிறவரை நட்பாக இருக்கும்போது 'லேட் லத்தீப்' என்பது செல்லம். சண்டைக்குப் பிறகு அதே சொல் குற்றச்சாட்டு. நேராக 'தீபாவளி வாழ்த்துகள்ங்க' என்று போய் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

யாராவது வீட்டில் துக்கம் நடந்து அந்த வருடம் பண்டிகை இல்லை என்றால் பொதுப் பட்டியலையே அந்த வருடம் விட்டுவிடுங்கள். அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் போடுவது இன்னும் தவறு.

இனிப்பு அண்ணாவிடம் நான் மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன், சீட்டிலும் இல்லை, குரூப்பிலும் இல்லை, டீக்கடையில் வைத்து. "அட விடு சாமி, உனக்கெப்படித் தெரியும்" என்று சர்க்கரை இல்லாத டீயை ஊதிக் குடித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வந்த பொங்கலுக்கு என் மேஜையில் ஒரு முழுக் கரும்பு சாய்த்து வைத்திருந்தது. தோகையில் நூலால் கட்டிய ஒரு சீட்டு, கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில்: "என் லெட்ஜரில் இருந்த பேலன்ஸ் முழுவதும் உன் பெயருக்கு மாற்றப்பட்டது. சரிபார்த்துக் கையொப்பமிடவும்."